குட்டைக் கண்ணும் நெட்டைக் கண்ணும்: செயற்கை லென்ஸின் திறன் கணிக்கப்படும் முறை

கண்புரை அறுவை சிகிச்சையில் மங்கிப்போன இயற்கை லென்ஸ் அகற்றப்பட்டு, அது இருந்த மெல்லிய உறைக்குள்ளேயே அக்ரிலிக் வகைப் பொருளால் ஆன செயற்கை லென்ஸ் ஒன்று பொருத்தப்படுகிறது என்பது பலரும் அறிந்த செய்தி. ஆனால் அந்த லென்ஸ் எல்லாக் கண்களுக்கும் பொதுவானதல்ல என்பதும், மருத்துவமனைகளில் ‘பவர்’ என்று சொல்லப்படும் அதன் திறனை ஒவ்வொரு கண்ணுக்கும் தனித்தனியே, அறுவைக்கு முன்பே கணித்துவிட வேண்டும் என்பதும் அந்த அளவுக்குப் பேசப்படுவதில்லை. புரையைப் பழுதில்லாமல் நீக்கிய பிறகும், கணக்குத் தவறியிருந்தால் நோயாளிக்குக் கிட்டப்பார்வையோ தூரப்பார்வையோ மிஞ்சிவிடுகிறது. கத்தி செய்த வேலையின் பலனை இவ்வாறு எண் கெடுத்துவிடக்கூடும். இந்தக் கணக்கு வெளிப்பார்வைக்குப் பள்ளி ஒளியியலைப் போலத் தோன்றினாலும், அதற்குத் தேவையான அளவுகளில் ஒன்று அறுவைக்கு முன் எந்தக் கருவியாலும் அளக்க முடியாதது. கடந்த அறுபது ஆண்டுகளில் எழுதப்பட்ட சூத்திரங்கள் அனைத்தும் அந்த ஒற்றை அளவை ஊகிக்கும் வெவ்வேறு வழிகளே என்று சொன்னால் மிகையாகாது. நடுத்தர அளவுள்ள கண்களில் இந்த ஊகம் தவறினாலும் தவறு சிறிதாகவே இருக்கிறது. மிகச் சிறிய கண்களிலும் மிக நீண்ட கண்களிலும்தான் சூத்திரத்தின் தரம் உண்மையில் சோதிக்கப்படுகிறது.

லென்ஸின் திறன் டையாப்டர் என்னும் அலகால் குறிக்கப்படுகிறது. இணையாக வரும் ஒளிக்கதிர்களை ஒரு மீட்டர் தொலைவில் குவிக்கும் லென்ஸின் திறன் ஒரு டையாப்டர். அரை மீட்டரில் குவித்தால் இரண்டு டையாப்டர். மனிதக் கண்ணில் ஒளியை வளைக்கும் வேலையின் பெரும்பகுதியைச் செய்வது, கண்ணின் முகப்பில் கண்ணாடி போல வளைந்து நிற்கும் கார்னியா என்னும் படலம். வளர்ந்தவர்களிடம் அதன் திறன் சராசரியாக 43 முதல் 44 டையாப்டர் வரை இருக்கும். மீதியை இயற்கை லென்ஸ் செய்கிறது. இவ்விரண்டும் சேர்ந்து ஒளியைக் கண்ணின் பின்சுவரில் உள்ள விழித்திரையின் மீது சரியாகக் குவித்தால் பார்வை தெளிவாகிறது. ஆகவே இயற்கை லென்ஸை எடுத்துவிட்டு வேறொன்றை வைக்கும்போது மூன்று அளவுகள் தெரிந்திருக்க வேண்டும்: கார்னியா ஒளியை எவ்வளவு வளைக்கிறது, கார்னியாவிலிருந்து விழித்திரை எவ்வளவு தூரத்தில் இருக்கிறது, புதிய லென்ஸ் இவ்விரண்டுக்கும் இடையில் எந்த இடத்தில் நிற்கப்போகிறது. முதல் இரண்டும் அளக்கத்தக்கவை. மூன்றாவது, அறுவை முடிந்து, காலியான உறை புது லென்ஸைச் சுற்றிச் சுருங்கி ஒட்டிக்கொண்ட பிறகே தீர்மானமாகிறது. இயற்கை லென்ஸ் ஏறத்தாழ நாலரை மில்லிமீட்டர் தடிமன் கொண்டது. செயற்கை லென்ஸோ பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டர் அளவினது. தடித்த ஒன்று இருந்த பைக்குள் மெல்லிய ஒன்று எந்த ஆழத்தில் நிலைகொள்ளும் என்பதை முன்கூட்டியே சொல்வதுதான் சிக்கலின் மையம். இந்த எதிர்பார்க்கப்படும் ஆழத்தைத் துறையினர் ‘லென்ஸின் செயல்நிலை’ என்னும் பொருள் தரும் பெயரால் வழங்குகின்றனர்.

திறனைக் கணிக்காமல் லென்ஸ் வைத்தால் என்ன நேரும் என்பதற்கு இத்துறையின் முதல் அறுவையே சான்று. 1949 நவம்பர் 29 அன்று லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் ஹரோல்ட் ரிட்லி முதல் செயற்கை லென்ஸைப் பொருத்தினார். அதன் வடிவம் இயற்கை லென்ஸின் வளைவைப் பின்பற்றியிருந்தது. ஆனால் அதைச் செய்யப் பயன்பட்ட பெர்ஸ்பெக்ஸ் வகை அக்ரிலிக்கின் ஒளிவிலகல் எண் 1.49; இயற்கை லென்ஸின் சராசரி எண்ணோ ஏறத்தாழ 1.42. கண்ணுக்குள் லென்ஸைச் சூழ்ந்துள்ள நீர்மத்தின் எண் 1.336 என்பதால், ஒளி வளைவதைத் தீர்மானிப்பது இந்த எண்களுக்கும் 1.336-க்கும் உள்ள வேறுபாடு. அந்த வேறுபாடு 0.084-இலிருந்து 0.154-ஆக உயரும்போது, அதே வளைவுள்ள லென்ஸின் திறன் ஏறத்தாழ இரண்டு மடங்காகிவிடுகிறது. விளைவாக அந்த முதல் நோயாளிக்கு அறுவைக்குப் பிறகு ஏறத்தாழ 20 டையாப்டர் கிட்டப்பார்வை ஏற்பட்டது. கண்ணுக்குள் அந்நியப் பொருள் ஒன்றைத் தங்க வைக்க முடியும் என்று நிறுவிய அறுவை என்பதால் வரலாறு அதைப் பெருஞ்சாதனையாகவே பதிவு செய்திருக்கிறது, அது நியாயமே. எனினும் இன்று அதே பிழை எந்த மருத்துவமனையில் நேர்ந்தாலும் அந்த லென்ஸைக் கழற்றி மாற்றுவதைத் தவிர வேறு வழியிருக்காது.

ரிட்லிக்குப் பின் ஏறத்தாழ கால் நூற்றாண்டு வரை, கண்ணின் நீளத்தை அளக்கும் வசதி பரவாத காலத்தில், நோயாளி முன்பு அணிந்த கண்ணாடியின் எண்ணே கணக்குக்கு ஆதாரமாக இருந்தது. 18 டையாப்டரை அடிப்படையாக வைத்துக்கொண்டு, பழைய கண்ணாடி எண்ணை 1.25-ஆல் பெருக்கிக் கூட்டுவது வழக்கம். இந்த முறையின் ஓட்டை வெளிப்படையானது. புரை முற்றும்போது இயற்கை லென்ஸின் நடுப்பகுதி கெட்டிப்பட்டுக் கண்ணையே கிட்டப்பார்வைக்குத் தள்ளுவதுண்டு என்பதால், சமீபத்தில் வாங்கிய கண்ணாடியின் எண், புரையைப் பற்றிச் சொல்லுமே தவிர கண்ணைப் பற்றிச் சொல்லாது. மாற்றிய லென்ஸுடன் எட்டு, ஒன்பது டையாப்டர் கண்ணாடியும் தேவைப்பட்ட நோயாளிகள் அந்தக் காலத்தில் இருந்தனர்.

ஒளியியல் அடிப்படையிலான முதல் சூத்திரத்தை 1967-இல் சோவியத் மருத்துவர் ஸ்வியாதஸ்லாவ் ஃபியோதரவ் தம் துணைவர்களுடன் வெளியிட்டார். கோலன்பிராண்டர் 1973-இலும், பிங்க்ஹார்ஸ்ட் 1975-இலும் அதே தடத்தில் தம் சூத்திரங்களை எழுதினர். குறியீடுகள் வேறுபட்டாலும் இவை எல்லாம் சொல்வது ஒன்றே: லென்ஸ் நிற்கும் இடத்திலிருந்து விழித்திரைக்குக் கதிர்களைக் குவிக்க மொத்தம் எவ்வளவு குவிப்பு வேண்டும் என்று முதலில் கண்டு, கார்னியாவைக் கடந்து அந்த இடத்தை அடையும்போது கதிர்கள் ஏற்கெனவே எவ்வளவு குவிந்துவிட்டன என்பதை அதிலிருந்து கழித்தால், மிச்சம்தான் செயற்கை லென்ஸின் திறன்.

இந்தக் கழித்தலை மூன்று கண்களுக்குச் செய்து பார்த்தால், கண்ணின் அளவு ஏன் இவ்வளவு முக்கியம் என்பது தெளிவாகும். முதலாவது நடுத்தரக் கண், நீளம் 23.5 மில்லிமீட்டர், கார்னியா 43.5 டையாப்டர், லென்ஸ் நிற்குமென எதிர்பார்க்கப்படும் ஆழம் 5 மில்லிமீட்டர். விழித்திரைக்கு மீதமுள்ள தூரம் 18.5 மில்லிமீட்டர் என்பதால் 1336-ஐ (நீர்மத்தின் எண் 1.336, தூரம் மில்லிமீட்டரில் என்பதால் ஆயிரம் மடங்கு) அதனால் வகுக்க 72.2 டையாப்டர் தேவை. கார்னியாவைக் கடந்த ஒளி அந்த இடத்துக்கு ஏறத்தாழ 52 டையாப்டர் குவிப்புடன் வந்து சேர்கிறது. வேண்டிய லென்ஸ் 20.3 டையாப்டர். இரண்டாவது குட்டைக் கண். நீளம் 20, கார்னியா 45, ஆழம் 4.5 என்று கொண்டால் வேண்டிய திறன் 33.2 டையாப்டர். மூன்றாவது நெட்டைக் கண். நீளம் 30, கார்னியா 43, ஆழம் 5.5 எனில் 2.3 டையாப்டரே போதும். முதுமை வரை ஒருவரையொருவர் போலவே நடமாடிய மூன்று பேருக்கு வேண்டிய லென்ஸ்கள் இவ்வளவு வேறுபடுகின்றன.

இதைவிட முக்கியமானது, ஊகம் தவறும்போது மூன்று கண்களும் நடந்துகொள்ளும் விதம். லென்ஸ் எதிர்பார்த்ததைவிட அரை மில்லிமீட்டர் பின்னால் போய் நின்றுவிட்டது என்று வைத்துக்கொள்வோமானால், நடுத்தரக் கண்ணுக்கு ஏறத்தாழ 1 டையாப்டர் கூடுதலான லென்ஸ் வேண்டியிருக்கும். குட்டைக் கண்ணுக்கு 1.8; நெட்டைக் கண்ணுக்கோ வெறும் 0.1. திறன் மிகுந்த லென்ஸ் சிறிதளவு இடம் மாறினாலும் குவியம் பெரிதாக நகர்ந்துவிடுகிறது. திறன் குறைந்த லென்ஸ் எங்கே நின்றாலும் அதிக வேறுபாடு இல்லை. கண்ணின் நீளத்தை அளப்பதில் ஒரு மில்லிமீட்டர் தவறினால், வேண்டிய லென்ஸின் திறன் நடுத்தரக் கண்ணில் 3.7, குட்டைக் கண்ணில் 5.2, நெட்டைக் கண்ணில் 2.1 டையாப்டர் மாறுகிறது. ஆகக் குட்டைக் கண்ணில் லென்ஸின் இடம், கண்ணின் நீளம் ஆகிய இரண்டு பிழைகளும் பெருகித் தெரிகின்றன. நெட்டைக் கண்ணிலோ இடத்தைப் பற்றிய கவலை அநேகமாக நீங்கி, நீளத்தைப் பற்றிய கவலை மட்டும் எஞ்சுகிறது. இரண்டும் ‘சராசரிக்கு அப்பாற்பட்ட கண்கள்’ என்று ஒரே பட்டியலில் அடைக்கப்பட்டாலும் அவற்றின் நோய் வேறு, மருந்தும் வேறு.

ஒளியியல் சூத்திரங்கள் கணக்கிடக் கடினமானவை என்று கருதப்பட்ட காலத்தில், அமெரிக்க மருத்துவர்களான சாண்டர்ஸ், ரெட்ஸ்லாஃப், கிராஃப் ஆகிய மூவரும் 1980-இல் வேறொரு வழியைக் காட்டினர். ஒளியியலை ஒதுக்கிவிட்டு, ஏற்கெனவே அறுவை முடிந்த கண்களின் அளவுகளையும் முடிவுகளையும் புள்ளியியல் முறையில் பொருத்தி, மூவர் பெயரின் முதலெழுத்துகளால் எஸ்ஆர்கே எனப்பட்ட எளிய சூத்திரத்தை அவர்கள் உருவாக்கினர். ஒவ்வொரு லென்ஸ் வகைக்கும் உரிய ‘ஏ’ மாறிலியிலிருந்து கண்ணின் நீளத்தின் இரண்டரை மடங்கையும் கார்னியா திறனின் 0.9 மடங்கையும் கழித்தால் விடை கிடைத்துவிடும். தாளும் பேனாவும் போதும் என்பதால் அது உலகெங்கும் பரவியது. மாறிலி 118.4 என்று வைத்து மேற்சொன்ன மூன்று கண்களுக்கும் அதைப் பயன்படுத்தினால், நடுத்தரக் கண்ணுக்கு 20.5 என்ற, ஒளியியல் விடையை ஒட்டிய எண் வருகிறது. குட்டைக் கண்ணுக்கோ 33.2-க்குப் பதில் 27.9 வருகிறது, அந்த லென்ஸை வைத்தால் நோயாளிக்கு ஏறத்தாழ மூன்றரை டையாப்டர் தூரப்பார்வை மிஞ்சி, தூரத்துக்கும் கண்ணாடி, கிட்டத்துக்கும் கண்ணாடி என்ற நிலை ஏற்படும். நெட்டைக் கண்ணுக்கு 2.3-க்குப் பதில் 4.7 வருகிறது, அங்கே ஒன்றரை டையாப்டருக்குச் சற்று மேற்பட்ட கிட்டப்பார்வை நிற்கும். ஒரு மில்லிமீட்டர் நீளத்துக்கு இரண்டரை டையாப்டர் என்று எல்லாக் கண்களுக்கும் ஒரே விகிதத்தை வைத்ததன் விலை இது. அந்த விகிதம், எண்ணிக்கையில் மிகுந்த நடுத்தரக் கண்களுக்குப் பொருந்தும்படி அமைக்கப்பட்டது. ஓரத்தில் உள்ள சில கண்களின் குரல் அந்தக் கூட்டத்தில் எடுபடவில்லை.

இதைச் சரிசெய்ய 1988-இல் வந்த இரண்டாம் எஸ்ஆர்கே, நீளத்துக்கேற்பப் படிகளை வைத்தது: 20 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் 3 டையாப்டர் கூட்டு, 20 முதல் 21 வரை 2, 21 முதல் 22 வரை 1, 24.5-க்கு மேற்பட்டால் அரை டையாப்டர் கழி. ஒட்டுப்போட்ட இந்தத் திருத்தம் ஓரளவு உதவியது உண்மையே. ஆனால் 20.99 மில்லிமீட்டர் கண்ணுக்கும் 21.01 மில்லிமீட்டர் கண்ணுக்கும் இடையில் ஒரு டையாப்டர் வேறுபாட்டைத் திடீரென்று புகுத்தும் சூத்திரம், கண்ணைக் காட்டிலும் அட்டவணையின் வசதியைக் கருதி எழுதப்பட்டது என்பதில் ஐயமில்லை.

அதே 1988-இல் ஜாக் ஹாலடேயும், 1990-இல் எஸ்ஆர்கே குழுவினரே ‘டி’ என்னும் எழுத்தைச் சேர்த்தும், 1993-இல் கென்னத் ஹாஃபர் ‘கியூ’ என்னும் பெயரிலும் வெளியிட்ட சூத்திரங்கள் மீண்டும் ஒளியியலுக்குத் திரும்பின. மூன்றாம் தலைமுறை எனப்படும் இவற்றில் லென்ஸ் நிற்கும் ஆழம் எல்லாக் கண்ணுக்கும் ஒன்றெனக் கொள்ளப்படாமல், கண்ணின் நீளத்திலிருந்தும் கார்னியாவின் வளைவிலிருந்தும் ஊகிக்கப்படுகிறது. நீண்ட கண்ணில் லென்ஸ் ஆழத்தில் நிற்கும், குட்டைக் கண்ணில் முன்னால் நிற்கும், கார்னியா செங்குத்தாக வளைந்திருந்தால் அதற்கும் லென்ஸுக்கும் இடைப்பட்ட முன்னறை ஆழமாக இருக்கும் என்பவை அவற்றின் அடிப்படை எடுகோள்கள். ஐக்கிய இராச்சியத்தில் 8,108 கண்களைக் கொண்டு செய்யப்பட்டு 2011-இல் வெளியான ஆய்வு, 21 மில்லிமீட்டருக்குக் குறைந்த கண்களில் ஹாஃபர் கியூவும், 27 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் உள்ள கண்களில் எஸ்ஆர்கே-டியும் மேலானவை என்று காட்டியது. குட்டைக்கு ஒன்று, நெட்டைக்கு ஒன்று என்று சூத்திரத்தை மாற்றிப் பயன்படுத்தும் வழக்கம் இவ்வகை ஆய்வுகளால் வலுப்பெற்றது.

ஆயினும் நீளத்திலிருந்து ஆழத்தை ஊகிப்பது எல்லாக் குட்டைக் கண்களுக்கும் பொருந்துவதில்லை. சில கண்கள் முன்னும் பின்னும் முழுவதுமே சிறுத்தவை. பிறவியிலேயே சிறுத்துப் பிறக்கும் இத்தகைய கண்களில் முன்னறையும் ஆழமின்றி இருக்கும். வேறு பல குட்டைக் கண்களில் முன்பாதி இயல்பான அளவிலேயே இருக்க, பின்பாதி மட்டுமே குறுகியிருக்கும். இவ்விரு வகைக்கும் நீளம் 20.5 என்று ஒரே எண்ணைக் கருவி காட்டும். லென்ஸ் நிற்கும் இடமோ வேறு வேறு. இதை வலியுறுத்தியவர் ஹாலடே. கண்களை முன்பாதியின் அளவு, மொத்த நீளம் ஆகியவற்றின்படி ஒன்பது வகைகளாகப் பிரித்துப் பார்த்த அவர், தம் இரண்டாம் சூத்திரத்தில் நீளம், கார்னியாவின் வளைவு ஆகியவற்றோடு கார்னியாவின் குறுக்களவு, முன்னறையின் ஆழம், இயற்கை லென்ஸின் தடிமன், வயது, பழைய கண்ணாடி எண் என மொத்தம் ஏழு தகவல்களைச் சேர்த்தார். ஜெர்மானியரான வொல்ஃப்கேங் ஹாய்கிஸ் கார்னியாவின் வளைவை இந்த ஊகத்திலிருந்து விலக்கி, அறுவைக்கு முன் அளக்கப்பட்ட முன்னறை ஆழத்தை நேரடியாகக் கணக்கில் கொண்டார். ஆஸ்திரேலியரான கிரகாம் பாரெட்டின் சூத்திரமும், அண்மைக் காலத்தில் வந்த கேன், ஹில் முதலியோரின் கணினிவழிக் கற்றலைப் பயன்படுத்தும் முறைகளும் இதே திசையில் மேலும் சென்றவை. அமெரிக்காவில் 18,501 கண்களைக் கொண்டு 2018-இல் வெளியான ஒப்பீட்டில் பாரெட் சூத்திரமே முன்னணியில் நின்றது. ஒரே சூத்திரம் எல்லா நீளங்களிலும் தாக்குப்பிடிக்கத் தொடங்கிய பிறகு, குட்டைக்கு ஒன்று நெட்டைக்கு ஒன்று என்ற பழைய விதி மெல்லப் பின்வாங்கி வருகிறது.

சூத்திரம் எவ்வளவு நுட்பமானதாயினும் அதற்கு ஊட்டப்படும் அளவு தவறாயின் விடையும் தவறும். கண்ணின் நீளத்தை நீண்ட காலம் அளந்து வந்தது, மருத்துவமனைகளில் ஏ-ஸ்கேன் எனப்படும் மீயொலிக் கருவி. பேனா போன்ற அதன் முனையைக் கார்னியாவின் மேல் வைத்து ஒலியை அனுப்பினால், விழித்திரையில் பட்டு எதிரொலி திரும்பும் நேரத்திலிருந்து தூரம் கணக்கிடப்படுகிறது. முனையைச் சற்று அழுத்திவிட்டால் கார்னியா உள்வாங்கி, கண் உண்மையைவிடக் குட்டையாகப் பதிவாகிறது. இப்படி 0.3 மில்லிமீட்டர் வரை குறைவது அரிதல்ல. நடுத்தரக் கண்ணில் அது ஒரு டையாப்டருக்கு மேற்பட்ட லென்ஸ் பிழை, குட்டைக் கண்ணில் ஒன்றரை. முனைக்கும் கண்ணுக்கும் இடையில் நீர் நிரப்பிய சிறு கிண்ணத்தை வைத்து அளந்தால் இந்த அழுத்தம் தவிர்க்கப்படுகிறது. ஆனால் முகாமில் நூறு பேர் வரிசையில் காத்திருக்கும்போது அந்தக் கிண்ணத்தை எடுக்கும் பொறுமை எல்லா இடத்திலும் இருப்பதில்லை.

மீயொலி உண்மையில் அளப்பது நேரத்தையே. தூரம் என்பது அந்த நேரத்தை ஒலியின் வேகத்தால் பெருக்கிப் பெறப்படுவது. கண்ணின் நீர்மங்களில் ஒலி விநாடிக்கு 1532 மீட்டரும், இயற்கை லென்ஸில் 1641 மீட்டரும் செல்கிறது. விழித்திரை விலகலுக்காகச் சிலிகோன் எண்ணெய் நிரப்பப்பட்ட கண்ணில் அந்த வேகம் 980 மீட்டராகக் குறைந்துவிடும். இதை அறியாமல் கருவியை வழக்கமான வேகத்திலேயே விட்டுவிட்டால், கண்ணின் பின்பகுதியில் 17 மில்லிமீட்டர் எண்ணெய் இருக்கும் இடத்தில் கருவி 26.6 மில்லிமீட்டர் என்று காட்டும். நடுத்தரக் கண் தாளில் 33 மில்லிமீட்டர் பூதக் கண்ணாகிவிடும்; அந்த எண்ணை நம்பி லென்ஸ் வைத்தால் பெருத்த தூரப்பார்வையே மிஞ்சும்.

நெட்டைக் கண்ணில் வேறொரு பொறி உண்டு. கடுமையான கிட்டப்பார்வை உள்ளவர்களின் கண்ணில் பின்சுவர் மெலிந்து, ஒரு பக்கமாகப் பிதுங்கிப் பள்ளமாகிவிடுவதுண்டு. நேர்பார்வைக்குரிய மையப்புள்ளி அந்தப் பள்ளத்தின் சரிவில் இருக்க, மீயொலியோ பள்ளத்தின் அடியைத் தேடிப்போய் அளக்கிறது. கண் உண்மையைவிட நீளமாகப் பதிவாகி, திறன் குறைந்த லென்ஸ் தேர்வாகி, அறுவைக்குப் பின் தூரப்பார்வை ஏற்படுகிறது. வாழ்நாள் முழுவதும் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் புத்தகத்தை முகத்தருகே வைத்துப் படித்துப் பழகிய ஒருவருக்கு இதைவிட எரிச்சலூட்டும் முடிவு இருக்க முடியாது. இத்தகையோருக்கு ஒரு டையாப்டர் அல்லது ஒன்றரை டையாப்டர் கிட்டப்பார்வை மிஞ்சும்படி வேண்டுமென்றே கணக்கை அமைக்கும் வழக்கம் இந்த அச்சத்திலிருந்து பிறந்ததே.

ஆஸ்திரிய இயற்பியலாளர் அடால்ஃப் ஃபெர்ஷர் 1980-களில் வளர்த்தெடுத்த ஒளிக்குறுக்கீட்டு முறையை அடிப்படையாகக் கொண்டு, 1999-இல் ஐஓஎல் மாஸ்டர் என்னும் கருவி சந்தைக்கு வந்தது. கண்ணைத் தொடாமலே, நோயாளி ஒரு புள்ளியை உற்றுப் பார்த்திருக்க, அவருடைய பார்வை மையம் வரையிலான தூரத்தை அது ஒளியால் அளக்கிறது. அழுத்தப் பிழையும் பள்ளத்தின் பிழையும் ஒருசேர நீங்கின. எனினும் புரை பாறைபோல் முற்றிய கண்ணில் ஒளி ஊடுருவ முடியாததால் அங்கே ஏ-ஸ்கேன் இன்னும் ஓய்வு பெறவில்லை. புரை முற்றிய பிறகே மருத்துவமனைக்கு வருவோர் மிகுந்த நாடுகளில் இது சிறிய விஷயமல்ல.

ஒளிமுறையும் தனக்கென ஒரு பிழையைக் கொண்டு வந்தது. கருவி கண் முழுவதற்கும் ஒரே சராசரி ஒளிவிலகல் எண்ணைக் கொள்கிறது. கண்ணில் ஒளியை அதிகம் மந்தப்படுத்துவது லென்ஸ்; கண் நீள நீள அதில் லென்ஸின் பங்கு குறைந்து நீர்மத்தின் பங்கு கூடுவதால், அந்தச் சராசரி எண் நெட்டைக் கண்ணுக்குச் சரியாகப் பொருந்துவதில்லை; அதன் நீளம் உள்ளதைவிடக் கூடுதலாகப் பதிவாகிறது. மூன்றாம் தலைமுறைச் சூத்திரங்கள் நெட்டைக் கண்களில் தொடர்ந்து தூரப்பார்வையை விட்டுச் சென்றதற்கு இது முக்கியக் காரணங்களுள் ஒன்று. லீ வாங், டக்ளஸ் கோச் ஆகியோர் 2011-இல், 25 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட கண்களின் அளந்த நீளத்தையே ஒரு சமன்பாட்டால் சுருக்கிவிட்டுப் பிறகு பழைய சூத்திரங்களில் இடும் முறையை முன்வைத்தனர். மிக நீண்ட கண்ணுக்குச் சுழியம் அல்லது அதற்கும் கீழான எதிர்மறைத் திறனுள்ள லென்ஸ் தேவைப்படும்போது, லென்ஸின் உருவமே மாறிவிடுவதால், நேர்மறை லென்ஸுக்குரிய மாறிலி அதற்குப் பொருந்தாது என்பதும் பின்னர் தெரியவந்தது.

குட்டைக் கண்ணின் துயரம் லென்ஸ் உற்பத்தியிலும் தொடர்கிறது. பன்னாட்டுத் தர விதிகளின்படி 15 முதல் 25 டையாப்டர் வரையுள்ள லென்ஸின் திறன், பெட்டியில் அச்சிட்டதிலிருந்து 0.4 வரை விலகலாம். 30-க்கு மேற்பட்ட லென்ஸுக்கோ முழுதாக ஒரு டையாப்டர் விலக்கம் அனுமதிக்கப்படுகிறது. துல்லியம் மிகத் தேவைப்படும் கண்ணுக்கே தளர்ந்த அளவுகோல் வாய்க்கிறது என்பது இத்துறையின் விசித்திரம். கடைகளில் கிடைக்கும் உச்சத் திறனும் போதாமற்போகும் கண்களும் உண்டு. அத்தகைய மிகச் சிறிய கண் ஒன்றில் இரண்டு லென்ஸ்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்த அறுவையை அமெரிக்காவில் கேட்டன், சாண்டர்ஸ் ஆகியோர் 1993-இல் வெளியிட்டனர். பின்னாளில் இரு லென்ஸ்களுக்கிடையே செல்கள் வளர்ந்து படலம் கட்டுவது தெரியவந்து, இரண்டையும் ஒரே உறைக்குள் வைப்பதில் எச்சரிக்கை பிறந்தது.

எல்லாக் குட்டைக் கண்களிலும் குட்டையானது பச்சிளங்குழந்தையின் கண். பிறக்கும்போது அதன் நீளம் 17 மில்லிமீட்டரை ஒட்டியிருக்கும். கார்னியாவின் திறன் ஏறத்தாழ 51 டையாப்டர். இன்றைய கண்ணுக்குச் சரியான லென்ஸை வைத்தால், கண் வளர்ந்து நீளும்போது குழந்தை கடும் கிட்டப்பார்வைக்குள் போய்விடும். ஆகவே இங்கே மட்டும் கணக்கு வேண்டுமென்றே தப்பாகப் போடப்படுகிறது. பிறவிப் புரையுடன் இருந்த 114 குழந்தைகளைக் கொண்டு அமெரிக்காவில் நடந்த ஆய்வில், ஆறு வாரத்துக்குட்பட்ட குழந்தைக்கு 8 டையாப்டரும், அதற்கு மேற்பட்டால் 6 டையாப்டரும் தூரப்பார்வை மிஞ்சும்படி லென்ஸ் வைக்கப்பட்டது. நாலரை வயதில் சோதித்தபோது, லென்ஸ் வைத்த குழந்தைகளின் பார்வை, லென்ஸ் வைக்காமல் கான்டாக்ட் லென்ஸ் மட்டும் அணிந்து வந்த குழந்தைகளின் பார்வையைவிட மேலாக இல்லை; மறு அறுவைகள்தான் கூடியிருந்தன.

கார்னியாவைச் செதுக்கிக் கண்ணாடியைக் கழற்றும் லேசிக் போன்ற சிகிச்சைகளைச் செய்துகொண்டவர்கள் இப்போது புரை வயதை எட்டி வருகின்றனர். கார்னியாவின் முன்புறம் மட்டும் தட்டையாக்கப்பட்டிருப்பதால், முன்புற வளைவிலிருந்து மொத்தத் திறனை ஊகிக்கும் கெரட்டோமீட்டர் ஏமாறுகிறது. தட்டையான கார்னியாவைக் கண்ட சூத்திரமும் லென்ஸ் முன்னால் நிற்கும் என்று தவறாக ஊகிக்கிறது. இரண்டு பிழைகளும் ஒரே பக்கம், தூரப்பார்வையின் பக்கம், சாய்கின்றன. முதல் சூத்திரத்தை எழுதிய அதே ஃபியோதரவ்தான், கார்னியாவில் ஆரக்கால்களைப் போலக் கீறிக் கிட்டப்பார்வையைக் குறைக்கும் அறுவையை உலகெங்கும் பரப்பியவர் என்பதும், அந்தக் கீறல்கள் பெற்ற கண்களே சூத்திரங்களை இன்றும் அதிகம் திணறடிப்பவை என்பதும் வரலாற்றின் குறும்பு.

பிழையின் ஊற்று காலப்போக்கில் இடம் மாறியிருப்பதையும் கவனிக்க வேண்டும். மீயொலிக் காலத்தில், 1992-இல், டென்மார்க்கின் தாமஸ் ஓல்சன் கணித்தபோது மொத்தப் பிழையில் 54 விழுக்காடு கண்ணின் நீளத்தை அளப்பதிலிருந்தும், 38 விழுக்காடு லென்ஸின் ஆழத்தை ஊகிப்பதிலிருந்தும் வந்தன. ஒளிமுறை வந்த பின், 2008-இல் ஸ்வெர்கர் நார்பி செய்த கணிப்பில் நீளத்தின் பங்கு 17 விழுக்காடாகச் சுருங்க, லென்ஸின் ஆழம் 35 விழுக்காட்டுடன் முதலிடத்துக்கு வந்தது. எதிர்பாராத வகையில் இரண்டாமிடம், 27 விழுக்காட்டுடன், அறுவைக்குப் பிறகு நோயாளிக்குக் கண்ணாடி எண் பார்க்கும் எளிய சோதனைக்குக் கிடைத்தது. எழுத்துப் பலகையின் முன் உட்கார்ந்து ‘இது தெளிவா, அது தெளிவா’ என்ற கேள்விக்கு நோயாளி தயங்கித் தயங்கிச் சொல்லும் விடையே, விலையுயர்ந்த கருவிகளின் கணிப்பைத் தீர்ப்பிடும் அளவுகோலாக இருக்கிறது.

அந்தச் சோதனையின் பதிவு தேவைப்படுவது நோயாளிக்காக மட்டுமன்று. லென்ஸ் நிறுவனம் அச்சிட்டுத் தரும் மாறிலி ஒரு தொடக்கப் புள்ளியே. ஒவ்வொரு மருத்துவமனையும் தன் கருவி, தன் அறுவை முறை, தன் முடிவுகள் ஆகியவற்றைக் கொண்டு அதைத் திருத்திக்கொள்ள வேண்டும். ஐக்கிய இராச்சியத்தில் 2009-இல் முன்மொழியப்பட்ட தர அளவுகோல், 85 விழுக்காடு கண்களில் முடிவு இலக்கிலிருந்து ஒரு டையாப்டருக்குள்ளும், 55 விழுக்காட்டில் அரை டையாப்டருக்குள்ளும் இருக்க வேண்டும் என்றது. அதை எட்டியோமா என்று அறியவும் அறுவையான கண்கள் திரும்பி வர வேண்டும். இறக்குமதி லென்ஸ் எளியோருக்கு எட்டாதிருந்த நாளில், இலவச முகாமில் புரை நீக்கியோர் சோடா புட்டிக் கண்ணாடியுடன் வீடு திரும்பினர். மதுரையில் அரவிந்த் கண் மருத்துவமனையைச் சார்ந்து 1992-இல் தொடங்கிய ஆரோலேப் லென்ஸின் விலையைப் பெரிதும் குறைத்து அந்த நிலையை மாற்றியது. விலை இறங்கிய பின் எஞ்சியிருக்கும் செலவு, ஒவ்வொரு கண்ணையும் பொறுமையாக அளப்பதற்கும், 2 டையாப்டரும் 34 டையாப்டரும் எப்போதோ ஒருமுறைதான் தேவைப்படும் என்றாலும் அவற்றையும் அலமாரியில் வைத்திருப்பதற்கும், தொலைவூரிலிருந்து வந்தவரை ஒரு மாதம் கழித்துக் கண்ணாடி எண் பார்க்க மீண்டும் வரவழைப்பதற்கும் ஆகும் செலவு.

மிகக் குட்டையான, மிக நெட்டையான கண்கள் எந்த ஒரு மருத்துவமனைக்கும் மாறிலியைத் திருத்தப் போதிய எண்ணிக்கையில் வருவதில்லை. அவற்றுக்குக் கிடைக்கும் மிக நம்பகமான வழிகாட்டி பெரும்பாலும் அதே நபரின் மற்றொரு கண். முதல் கண்ணில் முடிவு இலக்கிலிருந்து எவ்வளவு விலகியது என்று பார்த்து, இரண்டாவது கண்ணின் கணக்கை அந்த விலகலில் ஏறத்தாழப் பாதியளவு திருத்திக்கொண்டால் முடிவு மேம்படுகிறது என்று ஆய்வுகள் காட்டியுள்ளன. முழு விலகலையும் திருத்தினால் பிழை எதிர்ப்பக்கம் போய்விடுகிறது. ஏனெனில் முதல் கண்ணின் விலகலில் ஒரு பகுதியே அந்த நபரின் கண்ணமைப்பைச் சேர்ந்தது, மற்றொரு பகுதி அளக்கும்போதும் எண் பார்க்கும்போதும் நேர்ந்த தற்செயல். இதனால், அளவில் சராசரியை விட்டு வெகுவாக விலகிய கண்களை உடையவருக்கு, முதல் கண் ஆறிக் கண்ணாடி எண் நிலைபெறும் வரை இரண்டாவது கண்ணின் லென்ஸைத் தேர்ந்தெடுக்காமல் மருத்துவர்கள் காத்திருக்கின்றனர்.